யாரோ பிடித்திருக்கிறார்கள்

கணினியில் செருகிய பென் டிரைவை எடுக்கப் போகும்போது, ‘இந்தக் கருவி பயன்பாட்டில் இருக்கிறது, பிறகு முயலுங்கள்’ என்று திரையில் ஒரு செய்தி வரும். உங்களுக்கும் வந்திருக்கும். திறந்திருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்போம். மறுபடியும் அதே செய்தி. அதற்கு மேல் பொறுமை இருக்காது. படக்கென்று பிடுங்கிவிடுவோம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதனால் அந்தப் பழக்கம் நமக்குக் கைவந்துவிட்டது.

நானும் அப்படிப் பிடுங்குகிறவள்தான். ஆனால் சில மாதங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கிட்டத்தட்ட பிடுங்கிவிட்ட நேரத்தில் கையை எடுத்துக்கொண்டேன். எடுக்காமல் இருந்திருந்தால் என் பாட்டியின் குரல் இன்று என்னிடம் இருக்காது.

நான் வானொலி அறிவிப்பாளர். ஊடகக் கல்வி படித்தவள், கணினி படித்தவள் இல்லை. வேலையில் பேசுவது என் பங்கு. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் உண்டு. ஆனால் வார இறுதியில் நான் செய்கிற ஒரு வேலை வானொலிக்காக அல்ல. லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என்று நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் சுற்றி, பெரியவர்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்கிறேன். விடியற்காலைப் பெரட்டு, பால் வெட்டு, ஆயாக்கொட்டகை, மாரியம்மன் திருவிழா, தண்டலுக்குப் பயந்த கதை, கிராணியை ஏமாற்றிய கதை எல்லாம் அதில் உண்டு. சிரம்பானைச் சுற்றியிருந்த ரப்பர் காடுகள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். மீதமிருப்பதில் பெரும்பாலும் செம்பனை. பால் வெட்டத் தெரிந்த கடைசித் தலைமுறைக்கு எண்பது வயதாகிறது. நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த பேச்சு எல்லாம் என் அறையில் இருக்கும் ஒரு பழைய கணினியில்தான் இருக்கிறது.

அந்தக் கணினியை அமைத்துத் தந்தவன் என் சித்தப்பா மகன். சைபர்ஜெயாவில் ஒரு தரவு மையத்தில் இரவு வேலை பார்க்கிறான். பக்கத்திலிருக்கும் புத்ராஜெயா ஒரு காலத்தில் பெராங் பெசார் என்ற ரப்பர் தோட்டம். “அக்கா, தாத்தா மரத்த காவல் காத்தாரு, நான் மெஷின காவல் காக்கிறேன்” என்பான். விண்டோஸ் வேண்டாம் என்று அவனே லினக்ஸ் போட்டுத் தந்தான். கேசட்டிலிருந்து பதிவு செய்ய மேசைத் திரையில் ஒரு சின்னம் வைத்தான். தட்டினால் பதிவு தொடங்கும். சன்னல் எதுவும் திறக்காது, பின்னணியில் ஓடும். மறுபடி தட்டினால் நிற்கும். அந்தச் சின்னம்தான் பிறகு என் பாவத்துக்கும் காரணம், புண்ணியத்துக்கும் காரணம்.

இடம் போதவில்லை

ஹார்ட் டிஸ்க்கைத் தம்பி இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான். ‘ஒலி’ என்ற பகுதியில் பதிவுகள், ‘படம்’ என்ற பகுதியில் புகைப்படங்களும் காணொளிகளும். நல்ல தரத்தில் எடுத்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் ஆகும். அதை வெட்டித் திருத்தி வைத்தால் இன்னும் கொஞ்சம். நான்கு ஆண்டுகளில் ‘ஒலி’ நிரம்பிவிட்டது. ‘படம்’ பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது.

“ஒண்ணுல இருந்து எடுத்து இன்னொண்ணுக்குக் கொடுக்கலாம் அக்கா. புது டிஸ்க் வாங்க வேண்டாம்” என்றான் தம்பி.

எப்படி என்று கேட்டேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். தோட்டத்தில் மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று நிலம். இன்னொன்று அந்த நிலத்தைப் பிரித்துப் போட்ட வேலி. மூன்றாவது, எந்த நிரை யாருக்கு, எந்த வீடு யாருக்கு என்று கிராணி எழுதி வைக்கும் செக்ரோல் புத்தகம். கணினியில் நிலம் என்பது டிஸ்க். வேலி என்பது ‘லாஜிக்கல் வால்யூம்’. லினக்ஸில் 1998-லிருந்து இருக்கும் ஏற்பாடு இது. டிஸ்க்கை உடைத்து மறுபடி பிரிக்காமலே வேலியை இங்கும் அங்கும் நகர்த்தலாம். செக்ரோல் புத்தகம்தான் ‘ஃபைல் சிஸ்டம்’. எந்தக் கோப்பு எந்த இடத்தில் குடியிருக்கிறது என்று அதற்குத்தான் தெரியும்.

வேலியை நகர்த்துவதில் ஒரு வரிசை இருக்கிறது. பெரிதாக்கும்போது முதலில் வேலியைத் தள்ளிப் போட்டு, பிறகு புத்தகத்தில் புது நிலத்தைச் சேர்க்க வேண்டும். சிறிதாக்கும்போது நேர்மாறு. முதலில் புத்தகத்தைப் பார்த்து, வெளியே போகப்போகும் நிலத்தில் குடியிருப்பவர்களை உள்ளே கொண்டுவர வேண்டும். பிறகுதான் வேலியை உள்ளே நகர்த்தலாம். வரிசை மாறினால் வேலிக்கு வெளியே நிற்கும் வீடுகள் அழிந்துவிடும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. என் கணினியில் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் பெயர் ‘எக்ஸ்ட் 4’. 2008-ல் லினக்ஸோடு முழுமையாகச் சேர்ந்தது. அதைப் பெரிதாக்க எதையும் நிறுத்த வேண்டாம், வேலை நடக்கும்போதே செய்யலாம். சிறிதாக்க வேண்டுமென்றால் கணினியிலிருந்து அந்தப் பகுதியை முதலில் கழற்ற வேண்டும். இதை ‘அன்மவுண்ட்’ என்பார்கள். ‘எக்ஸ்எஃப்எஸ்’ என்று இன்னொரு வகை இருக்கிறது. அதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்குவது பொதுவாக முடியாது. ஆகவே இந்த வேலையில் கைவைக்கும் முன்பு உங்களுடையது எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

என் கணக்கில் ‘ஒலி’யைப் பெரிதாக்க ‘படம்’ சிறிதாக வேண்டும். அதற்காக ‘படம்’ பகுதியைக் கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு. காலையிலேயே ஒரு தாளில் பட்டியல் எழுதினேன். ‘படம்’ பகுதியில் எதை வைப்பது, எதை அழிப்பது என்று. அதில் ஒரு வரி: ‘தற்காலிகம் — முழுவதும் அழி.’ அந்தக் கோப்புறையில் தேவையில்லாத பழைய காணொளித் துண்டுகள்தான் இருந்தன. காலையில் எழுதும்போது அது சரியான வரி.

மைலோ டின்னில் ஒரு கேசட்

மாலையில் அம்மா அப்பாவின் பீரோவை ஒதுக்கினார். அப்பா 2015-ல் தவறிவிட்டார். அந்தப் பீரோவைத் திறக்க அம்மாவுக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அடித்தட்டில் ஒரு மைலோ டின். அதற்குள் பழைய சாவிகள், இரண்டு வெள்ளிக் காசுகள், ஒரு கேசட். கேசட்டின் மேல் அப்பாவின் கையெழுத்தில், ‘அம்மா, 1994’.

அப்பா சொல்லியிருக்கிறார். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, சிலியாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பாட்டியின் லயத்து வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேசட்டில் பாட்டியைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தாராம். அந்தக் கேசட் தொலைந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

இரவு ஒன்பது மணிக்குக் கேசட்டைப் போட்டேன். ‘ஒலி’ நிரம்பியிருந்ததால் பதிவு எங்கே போக வேண்டும் என்பதை மாற்றினேன். ‘படம்’ பகுதியில், ‘தற்காலிகம்’ கோப்புறைக்குள். காலையில் எழுதிய பட்டியல் அப்போது நினைவில் இல்லை.

பாட்டி பேசினார். 1942-ல் அவருக்குப் பத்து வயது. ஜப்பான்காரன் காலம். தோட்டத்தில் வேலை நின்றுவிட்டது, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். பாட்டியின் அண்ணனுக்குப் பதினேழு வயது. மூன்று மாத வேலை, சம்பளமும் அரிசியும் தருவார்கள் என்று சொல்லிச் சயாமுக்கு அழைத்துப் போனார்கள். சயாம் பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள், அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் நம் தோட்டத் தமிழர்கள் எத்தனையோ பேர். புத்தகங்களில் படித்திருக்கிறேன். பாட்டியின் வாயால் கேட்பது வேறு. அண்ணன் போகும்போது பால்வெட்டும் கத்தியைக் கூரைச் சந்தில் செருகிவிட்டுப் போனாராம். திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். “அப்புறம்?” என்று அப்பா கேட்கிறார். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. வெளியே கோழி கத்துகிறது. “அப்புறம் என்னய்யா, கத்தி அங்கயே இருந்திச்சி” என்கிறார்.

அண்ணனின் பெயரையும், இந்தியாவில் அவர்கள் புறப்பட்டு வந்த ஊரின் பெயரையும் பாட்டி சொல்கிறார். எங்கள் குடும்பத்தில் இன்று உயிரோடிருக்கும் யாருக்கும் அந்த இரண்டும் தெரியாது.

ஒன்பதே முக்கால் மணிக்கு ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கத்தில் சினிமாப் பாட்டு. திருப்பிச் சுற்றினேன். முப்பது ஆண்டு மைலோ டின்னில் கிடந்த நாடா. உருளையில் சிக்கிக் கசங்கி, இரண்டு இடத்தில் அறுந்தது. மெதுவாக வெளியே எடுத்தேன். கை நடுங்கியது. சரி, பதிவாகிவிட்டதே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு அம்மாவுக்குத் தேநீர் போடப் போனேன். பதிவை நிறுத்தும் சின்னத்தைத் தட்டவில்லை.

திரும்பி வந்து, பட்டியலைக் கையில் எடுத்து, வரி வரியாக அழிக்க ஆரம்பித்தேன்.

கழற்ற முடியவில்லை

பதினொரு மணி. அழிக்க வேண்டியதை எல்லாம் அழித்தாயிற்று, குப்பைத் தொட்டிக்குப் போகாமல் நேராக. இனி ‘படம்’ பகுதியைக் கழற்ற வேண்டும். கட்டளையைக் கொடுத்தேன். பயன்பாட்டில் இருக்கிறது என்றது. திறந்திருந்த சன்னல்களை மூடிவிட்டு மறுபடி கொடுத்தேன். அதே பதில். எதுவும் திறந்தில்லையே!

முன்பு ஒருவர் எழுதித் தந்த குறிப்பு என்னிடம் இருந்தது. கழற்ற மறுத்தால் ‘ஃபியூசர்’ என்ற கட்டளையோடு ‘கே’ என்ற எழுத்தைச் சேர்த்துக் கொடு, வழி விட்டுவிடும் என்று. ‘கே’ என்பது கொல்வதற்கு. அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லா நிரலையும், யார் என்ன என்று பார்க்காமல், ஒரே அடியில் நிறுத்திவிடும். அதைத் தட்டச்சு செய்தேன். என்டர் தட்டவில்லை. தட்டுமுன் தம்பியை அழைக்கத் தோன்றியது. ஏதோ நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

“தட்டிட்டீங்களா அக்கா?”

“இன்னும் இல்ல.”

“கைய எடுங்க. யார் பிடிச்சிருக்கான்னு மொதல்ல பாப்போம்.”

இரண்டு கருவிகளைச் சொன்னான். ஒன்று அதே ஃபியூசர்தான், ‘கே’ இல்லாமல். அப்போது அது யாரையும் தொடாது, பெயர்ப் பட்டியல் மட்டும் தரும். மற்றொன்று ‘எல்எஸ்ஓஎஃப்’. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடுவது அதன் வேலை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விக் ஏபெல் எழுதியது. இரண்டையும் நிர்வாகி உரிமையோடு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்களுடைய நிரல்கள் கண்ணில் படாமல் போகலாம்.

ஃபியூசர் இரண்டு பேரைக் காட்டியது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், எப்படிப் பிடித்திருக்கிறார் என்பதற்கு ஓர் எழுத்து. ஒருவருக்கு பெரிய ‘எஃப்’. இன்னொருவருக்கு சிறிய ‘சி’.

“பெரிய எஃப்னா ஒரு கோப்புல எழுதிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். நிரல் பேரு என்ன போட்டிருக்கு?”

படித்தேன். அவன் வைத்துத் தந்த பதிவு நிரல்.

“பதிவு ஓடிக்கிட்டிருக்கா என்ன? எல்எஸ்ஓஎஃப் போடுங்க. கடைசிப் பத்திய படிங்க.”

படித்தேன். ‘தற்காலிகம்’, அதற்குள் ‘பாட்டி’ என்ற கோப்பு. அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல். அழிக்கப்பட்டது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் கால் தரையில் இல்லாதது போல் இருந்தது. நாடாவும் போயிற்று, கோப்பையும் நானே அழித்துவிட்டேன்.

பெயர் போனாலும் வீடு இருக்கிறது

“அக்கா, அழாதீங்க. போகல. இன்னும் போகல” என்றான் தம்பி.

யூனிக்ஸ் என்ற தாய்முறையிலிருந்தே வரும் வழக்கம் இது. லினக்ஸும் அதைத்தான் பின்பற்றுகிறது. கோப்பை அழி என்று நாம் சொல்லும்போது புத்தகத்திலிருந்து பெயர் மட்டும்தான் அடிக்கப்படுகிறது. அந்தக் கோப்பை ஏதாவது ஒரு நிரல் திறந்து வைத்திருந்தால், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். கடைசியாகப் பிடித்திருப்பவர் கையை விடும்போதுதான் இடம் காலியாகும். அதுவரை கோப்புறையில் தேடினால் கிடைக்காது. ஆனால் அது இருக்கும்.

இதைத் தம்பி சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பாட்டியின் வீடு நினைவுக்கு வந்தது. தோட்டத்து வீடு வேலையோடு வருவது. பாட்டிக்கு 55 வயதானபோது செக்ரோலில் பெயர் அடிக்கப்பட்டது. வேலை இல்லை என்றால் வீடும் இல்லை. ஆனால் பாட்டி லயத்தை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் சித்தப்பா அதே தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். வீட்டைப் பிடித்திருந்தவர் அவர். புத்தகத்தில் பாட்டி இல்லை, வீட்டில் பாட்டி இருந்தார். 1996-ல் தோட்டம் கைமாறி, சித்தப்பா செனவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அன்றைக்குத்தான் பாட்டியும் கிளம்பினார். போகும்போது கூரைச் சந்திலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டாரா என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

அன்றிரவு என் கணினியில் சித்தப்பாவின் இடத்தில் இருந்தது, நான் நிறுத்த மறந்த அந்தப் பதிவு நிரல். கேசட் முடிந்த பிறகும் வெறும் மௌனத்தைப் பதிவு செய்துகொண்டே பாட்டியைப் பிடித்து வைத்திருந்தது. என்டர் தட்டியிருந்தால் அதுவும் செத்திருக்கும், அதோடு பாட்டியின் குரலும்.

“எப்படி எடுக்கிறது?”

“நிரலத் தொடாதீங்க. கணினிய அணைக்காதீங்க. ஒரு பென் டிரைவ் செருகுங்க. ‘படம்’ பகுதில எழுதக் கூடாது, ஞாபகம் வச்சிக்குங்க.”

லினக்ஸில் ‘ப்ராக்’ என்று ஓர் இடம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் எண்ணில் அங்கே ஒரு கோப்புறை. அதற்குள் ‘எஃப்டி’ என்று இன்னொன்று. அந்த நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புகளுக்கு எல்லாம் அங்கே ஒரு கதவு இருக்கும், புத்தகத்தில் பெயர் இல்லாத கோப்புக்கும். தம்பி எண்ணைச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். அந்தக் கதவிலிருந்து பென் டிரைவுக்கு ஒரு நகல். இரண்டு ஜிகாபைட்டுக்குச் சற்று அதிகம். சில நிமிடங்கள். நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

முடிந்ததும் பென் டிரைவில் இருந்ததைப் போட்டுக் கேட்டேன். போனை ஒலிபெருக்கிப் பக்கத்தில் வைத்தேன். கேசட்டின் இரைச்சல், பிறகு கோழி, பிறகு பாட்டி.

தம்பி 1997-ல் பிறந்தவன். பாட்டி 2003-ல் போனபோது அவனுக்கு ஆறு வயது. எதிர்முனையில் சத்தமில்லை. வேலையில் யாராவது கூப்பிட்டிருப்பார்களோ என்று நினைத்தேன்.

“இதுதான் பாட்டி குரலா அக்கா?” என்றான். “எனக்கு ஞாபகமே இல்ல.”

இன்னொருவர் நான்தான்

நகலை இரண்டு இடத்தில் வைத்த பிறகுதான் பதிவு நிரலை நிறுத்தினேன். பிறகு கழற்றும் கட்டளையைக் கொடுத்தேன். மறுபடி அதே பதில், பயன்பாட்டில் இருக்கிறது.

“அந்த சின்ன ‘சி’ இருந்திச்சே, அது யாரு?” என்றான் தம்பி.

பார்த்தேன். நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த கட்டளைச் சன்னல்தான். அழிக்கும்போது ‘படம்’ கோப்புறைக்குள் போனவள், வெளியே வராமல் அங்கேயே நின்றபடி அதைக் கழற்று என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ‘சி’ என்றால் அந்த இடத்திலேயே நிற்கிறார் என்று பொருள். தம்பி சிரித்தான். இது நாள்தோறும் நடக்கிற கதை, தரவு மையத்தில் பெரிய பெரிய ஆட்களே இப்படித் தங்களைத் தாங்களே தேடிக்கொண்டிருப்பார்கள் என்றான். ஒரு வரியில் வெளியே வந்தேன். கட்டளையைக் கொடுத்தேன். பதில் ஒன்றும் வரவில்லை. இந்த முறைமையில் சரியாக நடந்தால் எதுவும் சொல்லாது. கழன்றுவிட்டது.

வேலியை அன்றிரவு நகர்த்தவில்லை. அவ்வளவு நடந்த பிறகு இன்னொரு ஆபத்தான வேலைக்கு மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு தம்பி நேரில் வந்தான். முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்தோம். ‘படம்’ பகுதியைக் கழற்றி, புத்தகம் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, ஃபைல் சிஸ்டத்தைச் சிறிதாக்கி, பிறகு வேலியை உள்ளே கொண்டுவந்தோம். அதற்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு ‘ஒலி’யின் வேலியை வெளியே தள்ளி, ஃபைல் சிஸ்டத்தை அதுவரை விரித்தோம். அது சில நொடிகள்தான்.

இனிமேல் உங்களுக்கும் கணினி விடமாட்டேன் என்று சொன்னால், நான் கற்றுக்கொண்டதை நினைவில் வையுங்கள். பென் டிரைவில் சேமித்தோம் என்று நாம் நினைப்பது சில நேரம் இன்னும் கணினியின் நினைவகத்தில்தான் இருக்கும், போய்ச் சேர்ந்திருக்காது. அதனால்தான் பிடுங்குவது ஆபத்து. விண்டோஸிலும் மேக்கிலும் கட்டளைகள் வேறு. ஆனால் கேள்வி ஒன்றுதான்: யார் பிடித்திருக்கிறார், எதற்காக? அதைத் தெரிந்துகொள்ளாமல் பிடுங்காதீர்கள். மொத்தமாகக் கொல்லும் கட்டளையை யாராவது எழுதித் தந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். தவறி அழித்த கோப்பு எந்த நிரலிலாவது இன்னும் திறந்திருந்தால், அந்த நிரலை மூடாதீர்கள், கணினியை அணைக்காதீர்கள், தெரிந்தவரை அழையுங்கள். ஒரே ஒரு நகல் இருக்கும் எதுவும் பத்திரமாக இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மைலோ டின்னில் இருந்தாலும் சரி, கணினியில் இருந்தாலும் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பெயரில் இன்றும் தோட்டம் இருக்கிறது. கெடிஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, சுங்காலா தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று. உங்கள் வீட்டிலும் ஒரு கேசட்டோ ஒரு பெயரோ இருக்கலாம். யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். நாங்கள் கேட்காமல் விட்ட கத்தி இன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ‘ஒலி’யை விரிக்கும்போது அதைக் கழற்றத் தேவையில்லை என்பதால், தம்பி கேட்டான் என்று பாட்டியின் பதிவைப் போட்டிருந்தோம். பென் டிரைவிலிருந்து ‘ஒலி’யின் கடைசிக் காலி இடத்தில் வைத்த நகல். அம்மாவும் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அறையில் பாட்டி பேசிக்கொண்டிருந்தார், திரையில் இடம் கூடிக்கொண்டிருந்தது. ஒரு சொல்கூட அறுபடவில்லை. அப்பா “அப்புறம்?” என்று கேட்டார். வானொலியில் நான் எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வி, அதே குரலில். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.